ப்ளஸ் போடாத நம்பர்

ஒச்சாண்டிக்கு அந்த முதல் மெசேஜ் வந்தபோது, அவன் அணக்கரையில் ஓர் ஏலத்தோட்டத்து வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு முன்சீட்டில் காலை நீட்டிக் கிடந்தான். 2009ஆம் வருடம், ஆடி மாதம். விடியற்காலையில் கூடலூரில் பெண்களை ஏற்றி, லோயர் கேம்ப் வளைவுகளில் ஏறி, குமுளியைத் தாண்டித் தோட்டத்தில் இறக்கிவிட்டால், சாயங்காலம் அவர்கள் திரும்பும்வரை அவனுக்கு வேலை கிடையாது. மலைமேல் கூடலூர் டவர் எட்டாது என்பதால் செல்லில் கேரளா சிம்தான் போட்டிருந்தான்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்த மெசேஜ். ஒச்சாண்டி எட்டாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான்.

'மாமா, புது நம்பருக்கு அனுப்புறேன். சாப்பிட்டியா? கத்தார்ல வெயில் ரொம்பவா?'

எவளோ ஒருத்தி தன் புருஷனுக்கு அனுப்பியது தவறி வந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. 'ராங் நம்பர்' என்று இரண்டு வார்த்தை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டான். சாயங்காலம் மறந்துபோனது.

மறுநாள் இரண்டு வந்தன. அதற்கு அடுத்த நாள் மூன்று. கடமலைக்குண்டில் மழை பெய்து ஓடையில் தண்ணி ஓடுகிறதாம். தையல் கடையை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாற்றியாகிவிட்டதாம். ஒரு டீச்சரம்மாவின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டு, துணியைத் தூக்கிப் பார்த்துத் தனியாகச் சிரித்தாளாம். 'நீ இருந்தா நீயும் சிரிச்சிருப்ப மாமா' என்று எழுதியிருந்தாள்.

ஒச்சாண்டியும் சிரித்தான்.

அதுதான் தப்பு. 'ராங் நம்பர்' என்று சொன்னால் மெசேஜ் நின்றுபோகும். நிற்க வேண்டாம் என்று அவன் மனசு ஆசைப்பட ஆரம்பித்துவிட்டது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஏலச்செடி வாசமும் அட்டைக் கடியும் தவிர வேறொன்றுமில்லாத அந்த மத்தியானங்களில், யாரோ ஒருத்தி தன் நாளைப் பிரித்துச் சொல்கிறாள். கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை மனசு உறுத்தி அந்த நம்பருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் எடுத்தார்கள். பேச்சில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து வார்த்தையில்லாத ஏதோ ஓர் ஓசை. பயந்துபோய்க் கட் பண்ணிவிட்டான். அப்புறம் போட்டுப் பார்க்கவில்லை.

ஆவணி பிறந்து இரண்டு வாரம் இருக்கும். வேலை முடித்து வந்து ஒச்சாண்டி குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தான். செல் டிவி மேல் இருந்தது. அது சிணுங்கவும் பவுனு எடுத்துப் பார்த்தாள். பவுனு அவன் பெண்டாட்டி. பத்தாவது பாஸ் பண்ணியவள். அவளுக்கு எழுத்துக் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை.

'மாமா, டாக்டரம்மா சொன்னாக. மூணு மாசமாம். நீ அப்பா ஆகப்போற.'

துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவன், பவுனு நின்ற நிலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவள் செல்லில் மெசேஜ்களை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். எல்லாம் ஒரே நம்பர். ஒன்றரை மாதத்து மெசேஜ்.

"யாரு இவ?"

"சத்தியமாத் தெரியாது பவுனு. ராங் நம்பரு."

"ராங் நம்பரா? ராங் நம்பரையா ஒன்னுவிடாமப் பொத்தி வச்சிருக்கீக?"

கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அந்த வீட்டில் தொட்டில் ஆடவில்லை. 'நீ அப்பா ஆகப்போற' என்ற வரியைப் பவுனு மறுபடி மறுபடி வாசித்தாள். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"கேரளா சிம்மு எதுக்குன்னு இப்பத்தான் புரியுது" என்றாள்.

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. செல்லைப் பிடுங்கி, அவள் கண்முன்னாலேயே அடித்தான்.

'நீ யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்குப் பொண்டாட்டி இருக்கா. இனிமே மெசேஜ் அனுப்பாத.'

"பாத்துக்க. போதுமா?" என்று அனுப்பினான்.

மறுநாள் மத்தியானம் அணக்கரையில் பதில் வந்தது.

'சரி மாமா. காது கேக்காதவ, வாய் பேசாதவன்னு தெரிஞ்சுதான என்னக் கட்டுன? பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த கேக்கலையே. இனி அனுப்ப மாட்டேன்.'

ஒச்சாண்டி அதை மூன்று தடவை கூட்டி வாசித்தான். போனில் கேட்ட மூச்சு எதனால் என்று இப்போது விளங்கியது. தான் எழுதியதைப் புருஷன் எழுதியதாக அந்தப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் விளங்கியது. எப்படி அப்படி எடுத்துக்கொண்டாள் என்பது மட்டும்தான் பிடிபடவில்லை. தோட்டத்துப் பெண்களைக் கூட்டிவர இன்னொரு ஜீப்காரனிடம் சொல்லிவிட்டு, காலி வண்டியோடு மலை இறங்கினான்.

பவுனு அவனிடம் பேசுவதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் அவன் நீட்டிய செல்லை வாங்கி வாசித்ததும், பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ பாவி மனுசா" என்றாள். "நீங்க அடிச்சத அவ புருஷன் அடிச்சதுன்னுல்ல நெனச்சிருக்கா."

"அதேன் எனக்கும் புரியல. எந்நம்பரு வேற, அவன் நம்பரு வேறயில்ல?"

"அது இருக்கட்டும். மொதல் மெசேஜுலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இம்புட்டு வருமா?"

"வந்திருக்காது" என்றான். "என் தப்புதேன்."

அவன் அப்படி ஒத்துக்கொண்டது பவுனுக்குப் பழக்கமில்லாத விஷயம். அவள் தன் செல்லை எடுத்து, அந்த நம்பருக்குத் தானே எழுதினாள். 'தங்கச்சி, உனக்கு நேத்து வந்த மெசேஜ் உன் புருஷன் அனுப்புனது இல்ல. அது என் வீட்டுக்காரரு. தப்பு நடந்துபோச்சு.' பதில் இல்லை. அனுப்பிய மெசேஜ் போய்ச் சேர்ந்ததற்கான அறிவிப்பும் வரவில்லை. போட்டுப் பார்த்தால் சுவிட்ச் ஆஃப்.

இரண்டு பேருமாக சங்கரலிங்கத்தின் கடைக்குப் போனார்கள். கூடலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சிம் விற்று, ரீசார்ஜ் செய்துகொடுக்கும் கடை. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். சங்கரலிங்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒச்சாண்டியின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார்.

"ஒங்க கேரளா நம்பரு 974ல ஆரம்பிக்குதா? கத்தாருக்குக் கோடு என்ன தெரியுமா? அதே 974. அந்த ஊருல செல் நம்பரு ஏழு இலக்கம். கோடும் நம்பரும் சேந்தா பத்து. நம்ம ஊரு நம்பரும் பத்து. முன்னால ஒரு ப்ளஸ் போட்டாத்தான் இது வெளிநாடுன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியும். அந்தப் புள்ள ப்ளஸ் போடாமப் பதிஞ்சு வச்சிருக்கு. அது நேரா ஒங்ககிட்ட வந்து விழுது."

"சரிண்ணே. நான் பதில் போட்டா எம்பேருதான வரணும்?"

"ஒங்க பேரு அதுக்கு எப்படித் தெரியும்? செல்லு நம்பரோட வால, கடைசி ஏழு இலக்கத்த மட்டுந்தான் ஒப்பிட்டுப் பாக்கும். ஒங்க நம்பருக்கும் அவரு நம்பருக்கும் வாலு ஒன்னு. அவரு அனுப்புனாலும் 'மாமா'ன்னுதான் வரும். நீங்க அனுப்புனாலும் 'மாமா'ன்னுதான் வரும்."

பவுனு தலையில் கை வைத்துக்கொண்டாள். "நேருல போயிச் சொன்னாத்தேன் உண்டு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டம் லீவு. விடிந்ததும் ஜீப்பை எடுத்தார்கள். கம்பம், சின்னமனூர் தாண்டித் தேனி. அங்கிருந்து கண்டமனூர் வழியாகக் கடமலைக்குண்டு. வழியெல்லாம் பவுனு அந்த மெசேஜ்களை முதலிலிருந்து வாசித்துக்கொண்டே வந்தாள். கண்டமனூர் தாண்டியதும் செல்லை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "நல்ல பிள்ள இது" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல் கடை ஒன்றே ஒன்றுதான். கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் ஒரு வயசான அம்மா நின்றாள்.

"ஆத்தா, இங்கன காது கேக்காத பிள்ள ஒன்னு தைக்குமாமே?" என்று பவுனு கேட்டாள்.

"எம்மகதேன். மாரீஸ்வரி. தைக்கக் குடுத்த துணியா தாயி? இப்பத்திக்குத் தைக்க மாட்டா. மேலுக்குச் சொகமில்ல."

"துணி இல்லாத்தா. அவுக வீட்டுக்காரரு கத்தார்லயிருந்து அனுப்புன மெசேஜு விஷயமா வந்தோம்."

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. பாண்டியம்மாள் என்பது அவள் பெயர். "நீதேன் அவளா?" என்று பவுனுவின் கையைப் பிடித்துவிட்டாள். "எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவ நீதேனா? நெஞ்சழுத்தமா வாசப்படி வரைக்கும் வந்துட்டியாக்கும்?"

"ஆத்தா, ஆத்தா, பொறுங்க" என்று ஒச்சாண்டி நடுவில் வந்தான். "தப்பு எம்மேல. உங்க மருமகன் ஒரு பாவமும் அறியாதவரு. அந்த மெசேஜ அனுப்புனது நான்."

அவள் நம்பவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். ஆனியில் கத்தார் போன மருமகன் திலீபன் வெள்ளிக்கிழமை தோறும் போன் போடுவானாம். பாண்டியம்மாள்தான் எடுத்துப் பேசுவாளாம், இரண்டு பேருக்கும் சேர்த்து. கார்டு வாங்கிப் பேசுவதுதான் மலிவு என்று அவன் மெசேஜ் போடுவதில்லையாம். 'மாரி மெசேஜு ஒன்னும் வரலையே' என்று மட்டும் வாரம் தவறாமல் கேட்பானாம். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்களாம். புது நம்பரை அவன் போனில் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் காலண்டரில் குறித்துக்கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் மாரீஸ்வரி செல்லில் ஏற்றியிருக்கிறாள்.

"அந்தச் செய்தி வந்தப்பொறம் இந்த வெள்ளிக்கெழம அவன் பேசுனான். நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரிக் கேட்டுப்புட்டேன். அங்கன ஒருத்திய வச்சுக்கிட்டு இங்கன எம்மகளா இளிச்சவாயின்னு கேட்டேன். அவன் எதையும் சொல்ல விடல. செல்ல அமத்தி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்."

"மாசமா இருக்கிறது அவருக்குத் தெரியுமாத்தா?"

"எதுக்குச் சொல்லணும்? அதான் வேணாமின்னுட்டானே. இவளும் வேணாங்கிறா. நாளைக்குத் தேனிக்குப் போயிக் கலச்சுட்டு வரணுமின்னு கையக் காட்டி அழுகுறா."

பவுனு அதற்குமேல் நிற்கவில்லை. பாண்டியம்மாளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மாரீஸ்வரி வெட்டுமேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயசுக்கு மேல் இருக்காது. அழுது அழுது கண் சிறுத்திருந்தது. வந்தவர்களைப் பார்த்து எழுந்து நின்றாள். பவுனு மேசைமேல் கிடந்த, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்து, அந்த மேசைப் பலகையிலேயே பெரிய எழுத்தில் எழுதினாள்.

'உன் புருஷன் உன்ன விடல. அவருக்கு உன் மெசேஜ் ஒன்னுகூடப் போகல. எல்லாம் இவருக்கு வந்திருச்சு.'

மாரீஸ்வரி வாசித்தாள். ஒச்சாண்டியைப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டினாள்.

"ஆத்தா, அந்தச் செல்லக் கொண்டாங்க" என்றாள் பவுனு.

பாண்டியம்மாள் வீட்டுக்குப் போய்ப் பானைக்குள்ளிருந்து செல்லை எடுத்துவந்தாள். மாரீஸ்வரி அதைக் கையால் தொடவில்லை. பவுனுதான் உயிர்ப்பித்தாள். உயிர் வந்ததும் செல் துடிக்க ஆரம்பித்தது. இரண்டு நாளாகக் காத்துக் கிடந்த மெசேஜ்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. பவுனு எழுதியதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 'மாமா'. 'ஆத்தா ஏன் திட்டுறாக?' 'மாரி, நான் என்ன பண்ணேன்?' 'செல்லு ஏன் ஆஃப்ல இருக்கு? உடம்புக்கு முடியலையா?' 'பயமா இருக்கு மாரி.' மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் குழம்பினாள். விரட்டியவனும் இவனே, தேடுகிறவனும் இவனே என்றால் எதை நம்புவாள்?

அப்போது ஒச்சாண்டி தன் செல்லை அவள் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, 'நான் ஒச்சாண்டி' என்று அடித்து அனுப்பினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மேசைமேல் இருந்த செல் துடித்தது. திரையில் 'மாமா' என்று வந்தது. உள்ளே 'நான் ஒச்சாண்டி'.

மாரீஸ்வரி செல்லை எடுத்தாள். அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பவுனு மெசேஜின் விவரத்தைத் திறந்து காட்டினாள். ஒன்றில் ப்ளஸ் போட்டு 974. இன்னொன்றில் ப்ளஸ் போட்டு 91, அதற்கப்புறம்தான் 974. விரட்டிய மெசேஜைத் திறந்தாள். அதிலும் 91.

அவள் தொண்டையிலிருந்து ஓர் ஓசை வந்தது. ஒச்சாண்டி போனில் கேட்ட அதே ஓசை. பாண்டியம்மாள் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அவன் பேரு வந்தா எடுத்துக் காதுல வச்சுக்கிருவா" என்று பொதுவாக யாரிடமோ சொன்னாள். "கேக்காதுன்னு தெரிஞ்சும் வச்சுக்கிருவா."

அழுகை அடங்கியதும் மாரீஸ்வரி சாக்குக்கட்டியை எடுத்தாள். பவுனுக்கு இல்லை, ஒச்சாண்டிக்கு நேராக எழுதினாள்.

'எல்லாத்தையும் படிச்சீங்களா?'

அவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

'தப்பா வருதுன்னு மொதல்லயே தெரியுமா?'

பொய் சொல்லியிருக்கலாம். பவுனு பக்கத்தில் நின்றாள். அவள் நிற்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டான். அதற்கும் தலையசைத்தான். மாரீஸ்வரியின் முகம் சிவந்துபோனது. அவன் செல்லைச் சுட்டிக்காட்டி, மேசையில் எழுதியிருந்ததை உள்ளங்கையால் அழித்துக் காட்டினாள். ஒச்சாண்டி ஒவ்வொன்றாக அழித்தான். அவள் பக்கத்தில் நின்று கடைசி மெசேஜ் போகும்வரை பார்த்தாள். பிறகு அவன் சாக்குக்கட்டியை வாங்கி, 'மன்னிச்சுக்க தாயி' என்று எழுதினான். அவள் அதை வாசித்தாள். பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை.

திலீபனின் நம்பருக்கு முன்னால் பவுனு ப்ளஸ்ஸைச் சேர்த்துக் கொடுத்தாள். மாரீஸ்வரி திரும்பி நின்று அடித்தாள். முதல் தடவை போகவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப அதில் பேலன்ஸ் பற்றவில்லை. ஒச்சாண்டி ஓடிப்போய் ரீசார்ஜ் போட்டுவந்தான். இரண்டாம் தடவை போய்ச் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது.

பதில் இல்லை. அங்கே இப்போது வேலை நேரம் என்று பாண்டியம்மாள் சொன்னாள். யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் நாலு பேரும் அந்தச் செல்லைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி வாக்கில் துடித்தது. மாரீஸ்வரி பார்த்துவிட்டு முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். செல் மட்டும் பவுனு பக்கம் நீண்டது.

"என்ன தாயி சொல்றான்? படி, படி" என்று பாண்டியம்மாள் துடித்தாள்.

"நெசமாவா மாரின்னு கேக்குறாரு. அம்புட்டுத்தேன்."

அடுத்த நிமிஷமே இன்னொன்று வந்தது. பவுனு அதையும் வாசித்தாள். "ஆத்தாகிட்டச் சொல்லு, எனக்கு நீ ஒருத்தி மட்டுந்தான்னு போட்டிருக்காரு."

பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாயில வந்தபடியெல்லாம் வஞ்சுபுட்டனே. எனக்கு எழுதவும் வராதே. நீயே போடு தாயி. கெழவி புத்தி கெட்டுப் பேசிட்டா, மனசுல வச்சுக்க வேணாம், நேரா நேரத்துக்குச் சாப்பிடட்டும்னு போடு."

பவுனு அதை அப்படியே அடித்தாள்.

மாசியில் பெண் பிள்ளை பிறந்தது. பவுனு இரண்டு நாள் கடமலைக்குண்டில் தங்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் மாரீஸ்வரிக்கும் தினமும் மெசேஜ் போய் வந்துகொண்டிருந்தது. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒச்சாண்டி கேட்டால், "பொம்பளைக பேச்சு உங்களுக்கு எதுக்கு?" என்று செல்லை மூடிவிடுவாள்.

வைகாசியில் திலீபன் லீவில் வந்தான். வந்த ஒரு வாரத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு கூடலூர் வந்தான். அடிக்க வருகிறானோ என்று ஒச்சாண்டிக்கு உள்ளூர உதறல். திலீபன் ஒடிசலான ஆள். வெயிலில் கறுத்திருந்தான். காப்பி குடித்து முடித்ததும், மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணே, ஒன்னு கேக்கலாமா?"

"கேளுப்பா."

"ஆடியில இருந்து ஒன்றர மாசம் இவ எனக்கு எழுதுனதெல்லாம் உங்ககிட்டத்தான் வந்திருக்கு. நான் அங்க கேம்ப்ல ஒரு மெசேஜும் வராம, இவளுக்கு என்னாச்சோன்னு பைத்தியம் மாதிரிக் கெடந்தேன். இவகிட்டக் கேட்டா, மறந்துபோச்சுங்கிறா. உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

ஒச்சாண்டிக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. ஆனால் அழிக்கச் சொன்னவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்தான். திலீபனின் உதட்டைப் பார்த்து அவளும் விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தாள். சொல்லட்டுமா என்று கையால் கேட்டான். அவள் வெட்கத்தோடு பவுனுவைப் பார்த்தாள். பிறகு, சொல்லுங்கள் என்று தலையசைத்தாள்.

"ஆடி பதினெட்டுக்கு ஆத்தா சோறு கிண்டுனாக" என்று ஒச்சாண்டி ஆரம்பித்தான். "புளிச்சோத்துல உப்பப் போட மறந்துட்டாகளாம். அத யாரும் சொல்லாம, எல்லாரும் ரசிச்சுத் திங்கிற மாதிரித் தின்னாகளாம். அதச் சொல்லியிருந்தா. அப்புறம் கடைக்கு ஒரு பூனை வந்துச்சு. வெட்டுத்துணிக்குள்ள ரெண்டு குட்டி போட்டுருச்சு…"

திலீபன் பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். மாரீஸ்வரிக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. அவள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எப்போது சிரிக்கிறானோ, அப்போது இன்ன மெசேஜ் என்று கண்டுபிடித்து, அவளும் சேர்ந்து சிரித்தாள்.